உமிக் கொட்டகையில் ஒட்டிய தாள்

அந்தத் தாளில் மொத்தம் இருபத்திரண்டு குறிப்புகள். இருபத்திரண்டையும் நான்தான் எழுதினேன்.

தண்டையார்பேட்டையில் நான் வேலை பார்க்கும் பட்டறை, நெல் உமியிலிருந்தும் வேர்க்கடலைத் தோலிலிருந்தும் மின்சாரம் எடுக்கும் இயந்திரத்தைச் செய்கிறது. ஊரில் அதை ஓட்டப்போகிறவர்கள் படித்துப் புரிந்துகொள்ளும்படி எளிய தமிழில் ஒரு தாள் வேண்டும் என்று முதலாளி சொன்னார். பட்டறையில் உட்கார்ந்து எழுதப் பொறுமை உள்ள ஆள் நான் ஒருத்திதான். வேதியியலில் முதுகலை முடித்தவள். மகள் பிறந்து ஒன்றரை வருடம் வீட்டில் இருந்துவிட்டு அப்போதுதான் வேலைக்கு வந்திருந்தேன். கிடைத்த வேலையைப் பிழையில்லாமல் செய்ய வேண்டுமே என்ற பயம் நிறைய இருந்தது. ஒவ்வொரு வரியையும் நாலைந்து முறை அடித்து எழுதினேன். ‘மூடவும்’ போதுமா, ‘இறுக்கமாக மூடவும்’ என்று எழுத வேண்டுமா என்று யோசித்துச் சாப்பாட்டு நேரத்தைத் தவறவிட்ட நாளும் உண்டு. அவ்வளவு பார்த்துப் பார்த்து எழுதினேன்.

இயந்திரம் என்றதும் பெரிதாக எதையும் நினைக்க வேண்டாம். ஆள் உயரத்துக்கு ஓர் இரும்பு உருளை. மேலே உமியைக் கொட்டி, அடியில் நெருப்பு வைத்து, காற்றைக் குறைத்துவிட்டால் உமி முழுதாக எரியாமல் கனன்றுகொண்டே இருக்கும். அப்போது ஒரு வாயு வரும். அந்த வாயுவைத் தண்ணீரில் கழுவி, வடிகட்டி, எஞ்சினுக்குள் விட்டால் எஞ்சின் ஓடும். எஞ்சின் ஓடினால் மின்சாரம்.

நான் சொல்லும் ஊர் பொன்னேரியிலிருந்து உள்ளே தள்ளி, மின்கம்பியின் கடைசி முனையில் இருக்கிறது. வெயில் காலத்தில் விளக்கு எரியும், ஆனால் குடிநீர் மோட்டார் சுற்றாது. மழைக்காலத்தில் ஒரு கிளை முறிந்து விழுந்தால் நாலு நாளைக்கு எதுவும் இல்லை. டீசல் ஊற்றி ஜெனரேட்டர் ஓட்டிப் பார்த்துவிட்டுக் கட்டுப்படியாகாமல் விட்டிருந்தார்கள். பக்கத்து அரிசி ஆலைகளிலோ உமி குன்று குன்றாகக் கிடந்தது. ரோட்டோரம் கொட்டிக் கொளுத்திக்கொண்டிருந்தார்கள். மகளிர் குழுவினர் மானியத்தில் எங்கள் இயந்திரத்தை வாங்கினார்கள். ஊர்ப் பொது இடத்தில் செங்கல் சுவர் வைத்து, ஷட்டர் போட்டு, அழகாக ஒரு கொட்டகை கட்டினார்கள். எங்கள் பட்டறை மூன்று பக்கமும் திறந்த இடம். அங்கே ஓட்டிப் பார்த்து எழுதிய தாளைத்தான் நாலு பக்கமும் சுவர் உள்ள இடத்தில் ஒட்டினோம்.

பதினொன்றாவது குறிப்பை அப்படியே தருகிறேன்: ‘வாயு கசிந்தால் வாடை தெரியும். வாடை வந்தால் உடனே வெளியே வரவும். ஈரத் துணியால் மூக்கை மூடிக்கொள்ளவும்.’

நான் பிறந்து வளர்ந்தது எண்ணூரில். கல்யாணம் ஆகியும் எண்ணூரில்தான் இருக்கிறேன், இரண்டு தெரு தள்ளி. எங்கள் பக்கத்தில் ஆபத்து மூக்கு வழியாகத்தான் வரும். இது உர வாடை, இது எண்ணெய் வாடை, இது கழிமுகத்துச் சேறு என்று மூன்றாம் வகுப்புப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். நான் சிறுமியாக இருந்தபோது ஒரு விடியற்காலை எங்கிருந்தோ கண்ணை எரிக்கும் வாடை தெருவுக்குள் வந்தது. அப்பா எங்கள் முகத்தில் ஈரத் துண்டைக் கட்டி, காற்றுக்குக் குறுக்கே இழுத்துக்கொண்டு ஓடினார். வாடை தீர்ந்த இடத்தில் நின்றோம். அங்கே நின்று டீ குடித்தோம். வாடை இல்லையென்றால் பயம் இல்லை, அவ்வளவுதான். அதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. உடம்பிலேயே இருந்தது. அந்த உடம்போடுதான் உட்கார்ந்து பதினொன்றாவது குறிப்பை எழுதினேன்.

பதினேழாவது குறிப்பு இது: ‘மழைக்காலத்தில் எஞ்சினை நிறுத்தியதும் ஷட்டரை இறக்கவும். உமி நனையக் கூடாது.’

இயந்திரத்தை ஓட்டக் குழுவினர் தேர்ந்தெடுத்தது ஓர் இளம்பெண்ணை. பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவள். கணவன் கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. அவளுக்குக் கையில் மூன்று மாதப் பெண் குழந்தை. பயிற்சிக்குப் போயிருந்த அன்று தாளை எழுத்துக் கூட்டாமல் சரளமாகப் படித்தாள். படித்து முடித்ததும் குழந்தையைத் தோளில் மாற்றிக்கொண்டு கேட்டாள்.

“மேடம், வெயில்னா வெளில மரத்தடில போட்டுக்குவேன், மழ நாள்ல இவள எங்க உட்றது? வூட்ல பாத்துக்க ஆளு இல்ல. இங்கியே ஒரு தூளி கட்டிக்கட்டுமா?”

பக்கத்தில் முதலாளி நின்றிருந்தார். வெல்டிங் மேஸ்திரியும் நின்றிருந்தார். அவள் அவர்களைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். நான் மூக்கை உறிஞ்சிப் பார்த்தேன். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. உமி வாசம் தவிர எதுவும் இல்லை.

“வாடை வராத வரைக்கும் ஒண்ணும் பயமில்ல. தாராளமா கட்டிக்கோங்க,” என்றேன். வேலைக்குப் போகும் தாய்க்கு இன்னொரு தாய் செய்யும் உதவி என்று மனதுக்குள் ஒரு பெருமை வேறு.

ஐப்பசி முழுக்க இயந்திரம் ஓடியது. காலையில் ஆறு முதல் பத்து மணி வரை தண்ணீர் மோட்டாரும் மாவு மில்லும். சாயங்காலம் விளக்குகள். ஊரிலிருந்து படம் அனுப்பினார்கள். குழாயடியில் வரிசையாகக் குடங்கள், சிரிக்கும் பெண்கள். அந்தப் படத்தை நான் என் கணவருக்குக் காட்டி, “பாருங்க, நாங்க செஞ்சது,” என்றேன். அவர் துறைமுகத்துக்குக் கண்டெய்னர் லாரி ஓட்டுகிறார். “கரண்ட நம்ம ஊர்லயே எடுத்து நம்ம தெரு மேலயே கொண்டு போறான், எவனோ குடிக்கிறான். நீ உமில எடுத்துக் குடுக்கற, பரவால்ல,” என்றார். அவர் அப்படிப் பாராட்டுவது அபூர்வம்.

ஐப்பசியில் பொய்த்த மழை கார்த்திகையில் பிடித்துக்கொண்டது. மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, எனக்கும் மகளுக்கும் கடும் ஜலதோஷம். அவளுக்குக் காய்ச்சலும் இருந்ததால் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, அடுப்பில் பாலை வைத்துவிட்டு அவளுக்கு நெற்றியில் ஈரத் துணி போட்டுக்கொண்டிருந்தேன். காலை எட்டு மணி இருக்கும். எதிர் வீட்டு அக்கா கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார்.

“இன்னாமே, இன்னா பண்ணிகினு கீற? கேஸு நாத்தம் தெருவுக்கே வர்து. ஒனக்கு மூக்கு இல்லியா?”

பால் பொங்கி அடுப்பை அணைத்திருந்தது. வாயு வந்துகொண்டே இருந்திருக்கிறது. அக்கா குமிழைத் திருகி, ஜன்னல்களைத் திறந்து, என் மகளைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனார். என் மூக்கில் எதுவுமே ஏறவில்லை.

“ஜலதோஷம் அக்கா, ஒரு வாடையும் தெரியல.”

“எங்க வூட்டுக்காரு குட்ச்சிட்டு வந்தா தெருமொனைலயே எனுக்குத் தெரிஞ்சிடும். பாவம், பாக்கு போட்டுப் பாக்கறாரு, சோம்பு போட்டுப் பாக்கறாரு. இந்த மூக்குகிட்ட ஒண்ணும் ஆவாது,” என்று சிரித்தார். “நீ இன்னாடான்னா படிச்சவ, கேஸ தொறந்து வுட்டுட்டு கொழந்தைக்கு ஒத்தடம் குடுத்துகினு கீற.”

நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அடுப்பைத் துடைத்தேன். துடைக்கும்போதுதான் அந்தக் கேள்வி வந்தது. ஊரில் இயந்திரத்தை ஓட்டும் அந்தப் பெண்ணுக்கும் ஜலதோஷம் பிடித்திருந்தால்?

முதலில் அவ்வளவுதான். அவளுக்கு மூக்கு அடைத்திருந்தால் வாடை தெரியாதே, தாளில் அதையும் சேர்க்க வேண்டுமே என்றுதான் நினைத்தேன். மேஸ்திரிக்குப் போன் செய்தேன். ராயபுரத்துக்காரர், பட்டறையில் முப்பது வருடம். பயிற்சிக்கு முந்தின நாள் அந்த ஊருக்குப் போய்ப் புது வடிகட்டியை மாட்டியவர் அவர்தான்.

“மேஸ்திரி, அந்தப் புது ஃபில்டர் போட்டப்புறம் கேஸ்ல வாடை எப்படி இருக்கு? பட்டறைல அடிச்ச மாதிரியேதானா?”

“வாடையா? சுத்தமா இல்லம்மா. பட்டறைல ஓட்னப்போ ஃபில்டரே போடலியே, அதான் அந்த கலீஜ் நாத்தம். இப்போ மோந்து பாத்தா ஒண்ணுமே கீல. நீ வோணா சென்ட்டு பாட்ல்ல புட்ச்சி வெச்சிக்கோ.”

அவர் சிரித்துக்கொண்டிருந்தார். நான் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டேன்.

வாடை தாருடையது. புகையுடையது. அதை வடிகட்டி பிடித்துவிட்டது. மிச்சம் இருக்கும் வாயுவில் ஆளைக் கொல்லும் பகுதிக்கு நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை. கார்பன் மோனாக்சைடு. தேர்வில் எழுதி முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். டியூஷன் எடுத்த காலத்தில் பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்ய வைத்திருக்கிறேன். அது ஒரு மூலையில் இருந்தது, எண்ணூர் மூக்கு வேறொரு மூலையில் இருந்தது. தாளை எழுதிய அந்த இரண்டு வாரமும் இரண்டும் ஒரே அறையில் சந்திக்கவே இல்லை. இது எப்படி நடக்கும் என்று என்னை நானே எத்தனையோ முறை கேட்டுவிட்டேன். தெரியவில்லை.

அதற்குப் பிறகு மற்றது தானாக வந்து சேர்ந்தது. எஞ்சின் ஓடும்வரை அது வாயுவை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். எங்காவது ஓட்டை இருந்தாலும் வெளிக்காற்றுதான் உள்ளே போகும். நிறுத்திய பிறகுதான் ஆபத்து. உள்ளே இருக்கும் கனல் அடங்க இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதுவரை வாயு வந்துகொண்டே இருக்கும், இழுக்க எஞ்சின் இருக்காது, கிடைத்த சந்தில் வெளியேறும். சரியாக அந்த நேரத்தில்தான் ஷட்டரை இறக்கச் சொல்லியிருந்தேன். பதினொன்றைத் தனியாகப் படித்தால் எச்சரிக்கை மாதிரி இருக்கும். பதினேழைத் தனியாகப் படித்தால் அக்கறை மாதிரி இருக்கும். இரண்டையும் ஒருத்தி ஒழுங்காகக் கடைப்பிடித்தால், மழை நாளில் பத்து மணிக்கு எஞ்சினை நிறுத்தி, ஷட்டரை இறக்கி, வாடை இல்லை என்று நிம்மதியாக, சூடான அந்த இடத்தில் குழந்தையோடு உட்கார்ந்திருப்பாள்.

அவள் ஒழுங்கானவள். அதுதான் என்னைக் கொன்றது.

அவள் போன் அணைந்திருந்தது. மறுபடி. மறுபடி. முதலாளியை அழைத்தேன். தெற்கத்திக்காரர். அப்பா இரும்புக் கடை வைத்து நடத்திய இடத்தைப் பட்டறையாக்கியவர். கெட்டவர் இல்லை. இன்றும் நான் அப்படித்தான் சொல்வேன்.

“என்னம்மா சொல்லுத? ரெண்டு மாசமா ஓடுது, யாருக்கு என்ன ஆச்சு?”

“சார், அப்ப மழை இல்ல சார், ஷட்டர் தொறந்திருந்துச்சு. இப்ப…”

“நீ வீட்ல காய்ச்சக்காரப் பிள்ளைய வச்சுக்கிட்டு என்னத்தையாவது யோசிக்காத. அடுத்த வாரம் மானியம் குடுத்தவங்க பாக்க வாராங்க. இப்பப் போயி விஷவாயுன்னு ஒரு வார்த்த சொன்னா அந்த ஊரு மட்டுமில்ல, இன்னும் நாலு ஊருக்கு இந்த மெஷின் போகாது. அந்தச் சனங்களுக்கு வேற கரண்டு யாரு குடுப்பா? நான் குழுத்தலைவிக்குப் போன் போட்டுச் சொல்லுதேன். நீ பதறாத.”

சொல்வாரா? சொன்னாலும் எப்படிச் சொல்வார்? குழுத்தலைவியின் எண் அவரிடம்தான் இருந்தது. அவர் குரலில் இருந்த நிதானம் எனக்கும் கொஞ்சம் தொற்றியது. ஒருவேளை நான்தான் மிகைப்படுத்துகிறேனோ? பிரசவத்துக்குப் பிறகு இப்படித்தான். குக்கர் விசிலைக்கூட மூன்று முறை எண்ணுகிறேன், பிள்ளை தூங்கினால் மூச்சு வருகிறதா என்று விரலை வைத்துப் பார்க்கிறேன். அப்படிப்பட்டவளின் பயத்தை நானே நம்பலாமா? இந்த யோசனையில் கால் மணி நேரம் போனது. அந்தக் கால் மணி நேரத்தை யாரும் எனக்குத் திருப்பித் தரப்போவதில்லை.

மகளை எதிர் வீட்டு அக்காவிடம் கொடுத்தேன். காய்ச்சல் நெற்றியோடு அவள் என் சேலையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றாள். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். “போம்மே, நா பாத்துக்கறேன். இது இன்னா காட்டுலயா கீது,” என்றார் அக்கா. எங்கே போகிறேன், எதற்குப் போகிறேன் என்று கேட்கவில்லை. என் முகம் அப்படி இருந்திருக்க வேண்டும்.

எண்ணூர் ஸ்டேஷனில் கும்மிடிப்பூண்டி வண்டி ஏறும்போது ஒன்பது தாண்டிவிட்டது. அத்திப்பட்டுப் பக்கம் போய் வண்டி நின்றது. அடுத்த தண்டவாளத்தில் அனல்மின் நிலையத்துக்குப் போகும் கரி வண்டி. பெட்டி பெட்டியாக நகர்ந்தது, நின்றது, மறுபடி நகர்ந்தது. மழையில் கரி ஊறிக் கறுப்புத் தண்ணீர் ஒழுகியது. நான் எழுந்து கதவுக்குப் போனேன், வந்து உட்கார்ந்தேன், மறுபடி எழுந்தேன்.

“இன்னா தங்கச்சி, உக்காந்து உக்காந்து எழுந்துகினு கீற?” என்றார் எதிரில் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்தவர். “நீ எறங்கித் தள்ளப் போறியா? ரெண்டு மொழம் பூ வாங்கு, வண்டி தானா போவும்.”

சிலர் சிரித்தார்கள். நான் போனில் நேரத்தைப் பார்த்தேன். ஒன்பது ஐம்பது.

இன்னொன்றையும் எழுதியாக வேண்டும். அந்த வண்டியில் உட்கார்ந்து, ஊருக்குப் பக்கத்துக் காவல் நிலையத்தின் எண்ணைத் தேடி எடுத்தேன். அழைத்திருந்தால் யாரையாவது பைக்கில் அனுப்பியிருப்பார்கள். என் விரல் அந்தப் பொத்தான்மேல் இருந்தது. என்ன சொல்வேன்? ‘ஒருவேளை ஆபத்து இருக்கலாம்’ என்றா? அவர்கள் போய்ப் பார்த்து ஒன்றும் இல்லையென்றால்? பட்டறையின் பெயர் கெட்டு, முதலாளிக்குத் தெரிந்து, வேலை போய், ஊரே என்னைப் பைத்தியம் என்று சொன்னால்? ஒரு குழந்தையின் உயிர் ஒரு பக்கம், நான் அசடாகிவிடுவேனோ என்ற கூச்சம் ஒரு பக்கம். நான் அழைக்கவில்லை.

பத்து மணி ஆகும்போது கரி வண்டியின் கடைசிப் பெட்டி இன்னும் கண்ணுக்குத் தெரியவில்லை. இப்போது எஞ்சினை நிறுத்துவாள். இப்போது ஷட்டர் இறங்கும்.

பொன்னேரியில் இறங்கி ஷேர் ஆட்டோவைத் தனியாகப் பேசிக்கொண்டு போனேன். ஊருக்கு முன்னால் ரோட்டில் முழங்கால் தண்ணீர். ஆட்டோக்காரர் நின்றுவிட்டார். “இதுக்கு மேல இஞ்சின்ல தண்ணி ஏறும்மா. நீ போயிட்டு வா, நான் நிக்கறேன்.” செருப்பைக் கழற்றி அங்கேயே போட்டுவிட்டு நடந்தேன். ஓடினேன் என்று சொல்ல ஆசைதான். தண்ணீரில் ஓட முடியவில்லை.

கொட்டகையின் ஷட்டர் தரைவரை இறங்கியிருந்தது. மேலே இருந்த சின்ன ஜன்னலில் மழைச்சாரல் வராமலிருக்கச் சாக்கு அடித்திருந்தார்கள். கூரைக்கு மேல் வாயு வெளியேறுவதற்காக நாங்கள் வைத்த குழாயின் வாயில் ஒரு பச்சை பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்துக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள், தண்ணீர் உள்ளே போகக் கூடாதென்று. அதை மூடக் கூடாது என்று என் தாளில் இல்லை.

ஷட்டரை இரண்டு கையாலும் அடித்தேன். யாரும் வரவில்லை. கீழே விரலை விட்டுத் தூக்கப் பார்த்தேன். மறுபடி அடித்தேன். நெடுநேரம் கழித்து உள்ளே ஏதோ உருளும் சத்தம். ஷட்டர் பாதி உயர்ந்தது. அவள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு சுவரைப் பிடித்தபடி நின்றாள்.

“மேடம், நீங்களா? இந்த மழைல… தலவலி மேடம், நாலு நாளா வுட மாட்டேங்குது. ஒரு மாத்தர போட்டுகினு சும்மா சாஞ்சேன்.”

“குழந்தை எங்க?”

“தூங்கறா. எழுப்பாதீங்க மேடம். மழ புட்ச்சதுலேர்ந்து தங்கமா இருக்கறா, அழுவறதே இல்ல. இஞ்சின் சத்தம் கேட்டு கேட்டுப் பழக்கமாயிட்ச்சி. நிறுத்துனப்புறம் இன்னும் நல்லா தூங்கறா.”

தூளி உருளைக்கு நாலடி தூரத்தில் தொங்கியது, கதகதப்புக்காக. நான் குனிந்து உள்ளே போய்க் குழந்தையை அள்ளினேன். ஐந்து மாதக் குழந்தை கையில் ஏறினால் ஏதாவது செய்யும். உடம்பை முறுக்கும், முகத்தைச் சுளிக்கும். அவள் துவைத்த துணி மாதிரி என் முழங்கையில் துவண்டு கிடந்தாள். அந்தப் பெண்ணையும் மறு கையால் இழுத்துக்கொண்டு வெளியே மழையில் வந்து நின்றேன். குழந்தையின் முகத்தில் மழை விழுந்தது. அழவில்லை.

சத்தம் கேட்டுப் பெண்கள் ஓடிவந்தார்கள். “யாருமா நீ? பச்ச புள்ளய மழைல வெச்சுகினு நிக்கற, பைத்தியமா?” என்று ஒருத்தர் குழந்தையைப் பிடுங்க வந்தார். நான் விடவில்லை. “விஷக் காத்து, உள்ள விஷக் காத்து, ஆஸ்பத்திரிக்குப் போகணும்” என்று கத்தினேன். “இன்னா காத்து? ஒரு வாடையும் இல்லியே,” என்றார் அவர், ஷட்டருக்குள் தலையை விட்டு மோந்து பார்த்துவிட்டு. அந்தப் பெண் என் காலடியில் உட்கார்ந்து வாந்தி எடுத்தாள். அப்போதுதான் நம்பினார்கள்; இரண்டு பேர் அவளைத் தாங்கிக்கொண்டு தண்ணீரைக் கடந்து ஆட்டோ வரை வந்தார்கள்.

ஆட்டோவில் குழந்தையின் முகத்தைக் காற்றுப் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டேன். மூச்சு இருந்தது. மெல்லிய, ஒழுங்கில்லாத மூச்சு. என் மகளுக்கு வைத்துப் பார்ப்பது போல விரலை மூக்கின்கீழ் வைத்து, வழி முழுக்க எடுக்கவே இல்லை. பொன்னேரி அரசு மருத்துவமனை வாசலில் ஒருமுறை முனகினாள். மருத்துவர் நான் சொன்னதைப் பாதியிலேயே புரிந்துகொண்டு இருவருக்கும் ஆக்சிஜன் வைத்தார். அங்கிருந்து ஆம்புலன்சில் சென்னைக்கு. எண்ணூர் வழியாகத்தான் போனோம். என் தெரு முனையைக் கடந்தபோது, காய்ச்சலோடு விட்டு வந்த பிள்ளையின் ஞாபகம் வந்தது. அதுவரை வரவில்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

மறுநாள் மதியம் குழந்தை கண் திறந்து அழுதாள். வார்டே திரும்பிப் பார்க்கும்படி அழுதாள். அவளுடைய அப்பா, ஷிப்ட் உடுப்போடேயே வந்தவர், என் காலில் விழப் போனார். “நீங்க வரலேன்னா இன்னா ஆயிருக்கும்? தெய்வமாட்டம் வந்தீங்க,” என்றார். ஊரிலிருந்து வந்த பெண்களும் அதையேதான் சொன்னார்கள். முதலாளி ஆப்பிள் பையோடு வந்து, ஒரு வால்வு கோளாறு, மாற்றியாகிவிட்டது, இனி பயமில்லை என்று விளக்கினார். போகும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “நல்லதுதான் செஞ்ச. ஆனா வால்வுன்னே இருக்கட்டும்மா. உனக்கும் நல்லது, மெஷினுக்கும் நல்லது,” என்றார்.

இருக்கட்டும் என்றுதான் நானும் நினைத்தேன். இரண்டு நாள் தினமும் போனேன், தெய்வமாகவே இருந்துவிட்டு வந்தேன். மூன்றாம் நாள் அந்தப் பெண், ஆஸ்பத்திரியில் தனக்குக் கொடுத்த பிஸ்கட் பாக்கெட்டை என் மகளுக்கு என்று எடுத்து வைத்திருந்தாள். அதை நீட்டினாள். எனக்குத் தாங்கவில்லை.

“வால்வு இல்லம்மா. நான் எழுதினதுதான் தப்பு. அந்தக் கேஸுக்கு வாடையே கிடையாது. எனக்குத் தெரியும். தெரிஞ்சும் வாடை வரும்னு எழுதிட்டேன். ஷட்டர மூடுன்னும் நான்தான் எழுதினேன். தூளி கட்டிக்கோன்னும் நான்தான் சொன்னேன்.”

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. குழந்தையின் குல்லாவைச் சரிசெய்துகொண்டே மெதுவாகச் சொன்னாள்.

“மொதலாளி பக்கத்துலதான நின்னாரு. அவர நான் கேக்கல. உங்களத்தான் கேட்டேன். நீங்களும் கைக்கொழந்தக்காரி, தெரியாம ஒண்ணு சொல்ல மாட்டீங்கன்னு நெனச்சேன்.”

பிறகு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். பிஸ்கட் பாக்கெட் என் கையிலேயே இருந்தது.

வீட்டுக்கு அனுப்பும்போது மருத்துவர் சொன்னார்: இப்போதைக்கு நன்றாக இருக்கிறாள். மூளையில் ஏதாவது பாதிப்பு இருக்குமா என்று இப்போதே சொல்ல முடியாது. தவழ்வது, உட்காருவது, கூப்பிட்டால் திரும்புவது எல்லாம் அந்தந்த மாதத்தில் வருகிறதா பாருங்கள்.

கொட்டகையின் மூன்று சுவர்களை ஊர்க்காரர்களே இடித்துவிட்டார்கள். இப்போது வெறும் கூரைதான். இயந்திரம் ஓடுகிறது. அது ஓடாமல் அவர்களுக்குத் தண்ணீர் ஏறாது. ஓட்டுவதும் அதே பெண்தான், வேறு யாரும் முன்வரவில்லை. தாளைத் திருத்தி எழுதினேன். ‘இந்த வாயுவுக்கு வாடை கிடையாது’ என்பதை முதல் குறிப்பாக, பெரிய எழுத்தில். அதை மேஸ்திரியிடம்தான் கொடுத்தனுப்பினேன். என் எண்ணை அவள் எடுப்பதில்லை. முதலில் வாரம் ஒருமுறை அழைத்துப் பார்த்தேன். மணி முழுவதும் அடித்து நிற்கும். பிறகு அதையும் விட்டேன். என் மனதை ஆற்றிக்கொள்ள அவளைத் தொந்தரவு செய்கிறேனோ என்று தோன்றியது. விட்டதும் தப்போ என்று இப்போது தோன்றுகிறது.

வேலையை விடவில்லை. விட நினைத்து இரண்டு முறை கடிதம் எழுதினேன். நான் போனால் அடுத்த தாளை யார் எழுதுவார்கள், அவர்களுக்கு இது தெரியுமா என்ற பயத்தில் கிழித்துப் போட்டேன்.

மேஸ்திரி மாதம் ஒருமுறை அந்த ஊருக்குச் சர்வீஸுக்குப் போகிறார். அவர் திரும்பி வரும் நாளில் நான் காலையிலிருந்தே வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

“குழந்தைய பாத்தீங்களா மேஸ்திரி? உக்காருதா?”

“இன்னாம்மா நீ, நான் ஃபில்டர பாக்கப் போனனா, புள்ளய பாக்கப் போனனா?” என்பார். தை, மாசி, பங்குனி, மூன்று முறையும் இதே பதில்.

இந்த மாதம் போகுமுன் அவர் கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டேன். பத்து மாதம் ஆகிறது, இந்நேரம் தனியாக உட்கார வேண்டும், எதையாவது பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும், நன்றாகப் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள் என்று. அவர் எதுவும் கிண்டல் செய்யாமல் தலையாட்டினார். சாயங்காலம் கருவிப் பையை வைத்துவிட்டு நேராக என் மேஜைக்கு வந்தார்.

“பாத்தேம்மா. அந்தப் பொண்ணு இடுப்புலயே வெச்சுகினு இருந்துச்சி. உமி கொட்றப்பவும் இடுப்புலதான், வால்வு தொறக்கறப்பவும் இடுப்புலதான். நான் ரெண்டு மணி நேரம் அங்கியே இருந்தேன். ஒரு தபாகூட கீழ எறக்கல. உக்காருதா, நிக்குதான்னு எப்பிடிம்மா சொல்றது?”